படம் போய்ச் சேரும் இடம்

ஊர்க் கலைவிழா என்றால் பறைக்கும் கூத்துக்கும் மேடை கிடைத்துவிடும். பாட்டுக்கு நேரம் ஒதுக்கிவிடுவார்கள். புகைப்படத்தின் முறை வரும்போதுதான் பந்தலுக்குப் பக்கத்தில் எந்தச் சுவர் காலியாக இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்கள். சுவர் கிடைத்ததும் எத்தனை படம் மாட்டலாம் என்ற கேள்வி. பிறகு, போட்டி வைத்தால் முதல் பரிசு எவ்வளவு என்ற கேள்வி. பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை இருப்பவர்களுக்காகத் தாம்பரத்தில் இப்படியொரு விழா நடத்தலாம் என்று நண்பர்கள் கூடிப் பேசியபோதும் பேச்சு இந்த வரிசையில்தான் போனது. வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடைசி நாள் இரவு பந்தலைப் பிரித்த பிறகு ஒவ்வொரு படமும் யார் வீட்டுக்குப் போகப்போகிறது என்பதை முதலில் எழுதிவிடுவோம். சுவர், அளவு, விளக்கு, பயிற்சி வகுப்பு, பணம் எல்லாவற்றையும் அதை வைத்து முடிவு செய்யலாம்.

போட்டி வேண்டவே வேண்டாம். இந்தப் புறநகர்களில் நல்ல கேமரா வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. குளிர்காலத்து ஞாயிறு விடியலில் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம் நீண்ட லென்ஸோடு நிற்கிறவர்களைப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததற்கு முன்பே அதன் பறவைகளை ஆண்டுக்கணக்காகப் படமெடுத்துவந்தவர்கள் அவர்கள். அந்தப் படங்களுக்கு விழாவில் இடம் உண்டு. சதுப்பு சுருங்கிவந்ததற்கு அவையும் சாட்சி. ஆனால் போட்டி என்று அறிவித்தால் பூநாரைகளோடு வேறொன்றும் வந்து குவியும். சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம், புழுதியில் சிரிக்கும் பிள்ளை, பீடி பிடிக்கும் பெரியவரின் விரல்கள். கறுப்பு வெள்ளையில், மிக அருகில், ஒவ்வொரு ரேகையும் தெரியும்படி. பரிசும் அவற்றுக்குத்தான் போகும். பாட்டிக்கு அது தெரியவே தெரியாது.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் கீரை விற்கும் ஓர் அம்மாவிடம் விழாவைப் பற்றிச் சொன்னேன். கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "எத்தினி பேரு எடுத்துனு போயிட்டாங்க தெரியுமா? ஒருத்தராச்சும் திரும்பி வந்து காட்டுனாங்களா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். விழாக் குழு முதல் கூட்டத்தில் பேச வேண்டிய பொருளாக இதைத்தான் நான் வைப்பேன்.

நம் ஊரில் புகைப்படத்தின் கதையே இப்படித்தான் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிப் பெரிய காகித நெகட்டிவ்களில் கோயில்களை எடுத்தார். ஒளியமைப்பில் இன்றைக்கும் அசரவைக்கும் படங்கள். அந்தக் காகிதத்தில் உரு விழ நெடுநேரம் பிடிக்கும் என்பதால் நடமாடியவர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. கோபுரமும் குளமும் இருக்கின்றன, ஊர் இல்லை. அடுத்த தலைமுறையில் ஆட்களும் படத்தில் வந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார், படமும் எடுத்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளைப் புரட்டினால், படங்களின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர்தான் இருக்கிறது. நிற்கிறவரின் பெயரைக் காணோம். படமும் அவர் கைக்கு வந்திருக்காது.

இதைத் திருப்பிப் போட்டவை நம்முடைய ஸ்டுடியோக்கள். காசு கொடுத்தவர் படத்தில் இருந்தார், படம் அவர் வீட்டுக்குப் போனது. நாற்காலியில் உட்காருவதா நிற்பதா, கைக்கடிகாரம் தெரிய வேண்டுமா, பின்னால் தொங்கும் திரையில் மாடிப்படியா தோட்டமா என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருந்தது. எங்கள் பகுதியில் பழைய ஸ்டுடியோக்கள் பல ஜெராக்ஸ் கடைகளாகவும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கவுண்டர்களாகவும் சுருங்கிவிட்டன. அவற்றின் கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய சாமான் கடைக்குப் போயின. இந்த இழப்பை உணர்ந்து புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பிரதியெடுத்துச் சேர்த்தார்கள். ஊர் ஊராகக் கடையேறி, வீடேறிக் கேட்டுச் செய்யும் வேலை அது. ஒரு புறநகர் விழா அதைச் சிறிய அளவில் தன் பகுதிக்குள் செய்யலாம்.

ஏன் புறநகர் என்றால், இங்கே ஆல்பத்தைத் தவிர வேறு ஆவணம் அதிகம் இல்லை. தாம்பரம் மாநகராட்சியானது 2021-இல்தான். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவாக்கினார்கள். அதற்கு முன் ஒவ்வொன்றும் தனி ஊர். எழும்பூரில் இறங்க வேண்டியவர்கள் தாம்பரத்திலேயே இறங்கி, வாடகை குறைவு என்று இங்கேயே தங்கி, பிறகு ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிய கதைதான் பாதித் தெருக்களின் கதை. திருநெல்வேலியும் விழுப்புரமும் ஆற்காடும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்ததும் புத்தகங்களில் இருக்கின்றன. 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததும் இருக்கிறது. அந்தத் தோல் ஆலையில் வேலை பார்த்தவரின் கல்யாணப் படமும், அனகாபுத்தூர்த் தறிக்கு முன்னால் குடும்பமாக எடுத்துக்கொண்ட படமும், சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாத காலத்து மனையில் செங்கல் அடுக்கோடு நிற்கும் தம்பதியின் படமும் பீரோக்களில்தான் இருக்கின்றன.

பீரோவை விட்டு வெளியேறினால் அவற்றின் கதி என்ன என்பதைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பார்க்கலாம். ரிப்பேர் மிக்சிக்கும் பழைய ரேடியோவுக்கும் நடுவே பிலிம் கேமராக்கள் கிடைக்கும், மரச்சட்டங்களும் கிடைக்கும். ஒரு கடையில் தேக்குச் சட்டம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளே மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியில் விளக்கின் ஒளி வெள்ளைப் புள்ளியாக விழாமல் இருக்க டச்சிங் செய்திருந்தார்கள். பெண்ணின் மூக்குத்திக்கு மட்டும் தூரிகையால் ஒரு பொட்டு வெள்ளை. கீழ்மூலையில் ஸ்டுடியோ முத்திரை பாதி அழிந்திருந்தது. கடைக்காரர் சட்டத்துக்கு மட்டும் விலை சொன்னார். படத்தை வேண்டுமானால் எடுத்துப் போட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னார்.

வெள்ளம் இதைவிட வேகமாக வேலை செய்தது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றின் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையையும் பிரிட்ஜையும் வாசலில் போட்ட குடும்பங்கள் ஆல்பங்களையும் போட்டன. அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பதுதான் வேதனை. லேப் பிரிண்டின் மேல்பரப்பு ஜெலட்டின் படலம். நீர் பட்டால் ஊதி இளகும். அந்த நிலையில் வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் உறையோடும் அடுத்த படத்தோடும் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வராது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் தேறும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கக் கூடாது, கண்ணாடியோடு அப்படியே பிரதியெடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்துப் பயப்படும் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கைவேலை. விழாவில் ஒரு மேசை போட்டு இதைச் செய்துகாட்டலாம்.

அந்த மேசைதான் நிகழ்ச்சியின் மையம் என்று நினைக்கிறேன். மேலே ஒரு கேமரா, இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு விளக்கு, கீழே கறுப்புத் துணி. வீட்டு ஆல்பத்தை எடுத்துவருகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். படம் அவர் கண்பார்வையை விட்டு நகராது, அன்றைக்கே அவரோடு திரும்பிவிடும். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். முத்திரை, தேதி, "அத்தைக்கு அன்புடன்" என்கிற கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வீடு, எடுத்தவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள இளைஞர் ஒருவர். பெயர் தெரிந்த படத்தைப் பெயரோடுதான் மாட்ட வேண்டும். தர்ஸ்டனின் தொகுதிகளில் விட்டுப்போனது இங்கே விட்டுப்போகக் கூடாது. பேத்தி எழுதுவதைப் பார்த்துக்கொண்டே பாட்டி ஒவ்வொரு பெயராகத் திருத்துவார். அந்தத் திருத்தங்களும் சேர்ந்ததுதான் ஆவணம்.

நகரத்துக்குள் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். சென்னை போட்டோ பினாலே 2016-இல் தொடங்கியபோது படங்களைக் கண்ணாடிக் கதவு போட்ட அரங்குகளிலிருந்து பறக்கும் ரயில் நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகிறவர் டிக்கெட் எடுக்கிற இடத்தில் உலகத்தரமான புகைப்படம் நிற்கலாம் என்று இந்த ஊர் பார்த்தது அப்போதுதான். 2019-இல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் நடந்த இரண்டாம் பதிப்பு பல்கலைக்கழக செனட் ஹவுஸ் போன்ற பழைய கட்டடங்களைத் திறந்துகாட்டியது. 2024 டிசம்பரில் தொடங்கிய நான்காம் பதிப்பு, எதற்காகப் படமெடுக்கிறோம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது. தாம்பரத்துக்காரர் அதற்கெல்லாம் ரயிலேறிப் போய்வந்தார். விழாவே ஊருக்குள் வந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஊரூர் ஆல்காட் குப்பம் சாட்சி. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் 2015-இல் அந்த மீனவர் குப்பத்தில் தொடங்கிய விழாவில் கச்சேரியும் கூத்தும் ஒரே தெருவில் நடந்தன. கேட்க வந்தவர்கள் மீன்வலையைத் தாண்டி நடந்தார்கள்.

நான் அதிகம் நினைத்துக்கொள்வது புகைப்படக்காரர் பழனிக்குமாரை. மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாயின் மகன். கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து படமெடுத்தார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. விருதுக்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்து வகுப்பெடுக்கிறார். அந்தப் பிள்ளைகளின் படங்களில் சோறு வடிக்கும் அம்மாவின் முகம் வெளியாள் எடுத்த படத்தில் இருப்பதைப் போல இருக்காது. எடுக்கிறவரைப் பார்த்து அம்மா திட்டிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருப்பார்.

எங்கள் விழாவிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வேண்டும். விழா நாளில் இரண்டு மணி நேரம் நடத்திச் சான்றிதழ் கொடுப்பது வகுப்பில்லை. குறைந்தது ஆறு ஞாயிறுகளாவது வேண்டும், விழாவுக்கு முன்பே. வீட்டில் போன் இருக்கிறதே, அதிலேயே எடுக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். போன் பெரும்பாலும் அப்பாவுடையது, அல்லது அண்ணனுடையது. பெண் பிள்ளையின் கைக்கு அது வரும்போது இரவாகியிருக்கும். ஆகவே சிறிய கேமராக்கள் இரவல் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்கக் கேமரா அவளிடமே இருக்க வேண்டும். 1984-இல் தாம்பரத்தில் வந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸுக்கு முதல் ஷிப்ட் போகும் அம்மா, விடியுமுன் தலைவாரி, டிபன் பாக்ஸ் கட்டி, கம்பெனி வண்டிக்காக முனையில் நிற்பதைப் படமெடுக்க அவளால்தான் முடியும். தொழிற்சாலைக்குள் யாரும் கேமரா கொண்டுபோக முடியாது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மகளுக்குத் திறந்திருக்கிறது.

இனி இடம். ரயில்வே மேம்பாலத்தில் மாட்டலாம் என்பது எல்லோருக்கும் ஆசை. கிழக்குத் தாம்பரமும் மேற்குத் தாம்பரமும் சந்திப்பது அங்கேதான். ஆனால் அங்கே யாரும் நிற்பதில்லை, ஓடுகிறார்கள். நிற்கிற இடங்களைத் தேட வேண்டும். ரேஷன் கடை வரிசை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக் காத்திருக்கும் திண்ணை. சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதை. கிளை நூலகத்தின் வாசல். டாக்கா நகரில் ஷாஹிதுல் ஆலம் தொடங்கிய சோபி மேளா விழாவில் படங்களை ரிக்‌ஷா வண்டிகளில் கட்டித் தெருத்தெருவாக ஓட்டினார்கள். நேபாளத்தில் 2015 நிலநடுக்கம் நடந்த ஆண்டிலேயே தொடங்கிய போட்டோ காத்மாண்டு, பாட்டன் நகரத்து முற்றங்களிலும் சந்துகளிலும் படங்களை வைத்தது. நம்மிடம் குட்டியானை வண்டி இருக்கிறது. இரண்டு பக்கமும் பலகை கட்டி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடம்பாக்கத்தில் ஒரு மணி நேரம், அடுத்து இரும்புலியூரில் ஒரு மணி நேரம் என்று நிறுத்தினால் விழாவுக்கு வர முடியாதவர்களிடம் விழா போகும்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. பொங்கலுக்கு ஊரே தெற்கே கிளம்பிவிடும். கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடிக்கிற கூட்டத்தில்தான் நம் பார்வையாளர்கள் இருப்பார்கள். மார்ச்சில் தேர்வு. ஆக, தை பின்பாதியும் மாசி முன்பாதியும்தான் மிச்சம். அப்போதும் பகல் வெயிலில் படம் பார்க்க முடியாது, மாலை விழாதான். மாலை என்றால் டியூப்லைட், டியூப்லைட் என்றால் பளபளப்பு லேமினேஷனில் விளக்குதான் தெரியும், முகம் தெரியாது. மேட் தாளில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அளவில் அச்சிட்டு, சன்போர்டில் ஒட்டினால் போதும். ஃபிளெக்ஸ் வேண்டாம். விழா முடிந்ததும் அது ஆட்டோவின் மேல்கூரையாகவும் கோழிக்கூண்டின் மறைப்பாகவும் போகும், முகத்தோடு. ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் நாலே முக்கால் அடியில் வரும்படி மாட்டுவார்கள். பிள்ளைகள் எடுத்த படங்களை நான் நாலடியில் மாட்டுவேன். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதுதான் கண்மட்டம்.

பந்தலின் ஒரு மூலையில் ஸ்டுடியோ ஒன்று. திரை, குடை விளக்கு, நாற்காலி. பழைய ஸ்டுடியோக்காரர்களைத் தேடிப் பிடித்து அவர்களையே எடுக்கச் சொல்ல வேண்டும், அழைப்பிதழில் கலைஞர் என்று அவர்கள் பெயரைப் போட வேண்டும், மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் சின்ன பிரிண்டர். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் இளைஞர்களிடம் ஆல்பம் இருக்காது, போனில் வீட்டாரின் படம் இருக்கும். அதையும் மேக்ஸி அளவில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம்.

எதை மாட்டக் கூடாது என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990-களில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் வர ஓரிடமாக இருந்தது. அந்த வாசலில் நிற்பது தெரிந்தால் ஊரில் வீடு போய்விடும், வேலை போய்விடும் என்ற காலம். அந்த வளாகத்தில் எடுத்த படம், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எடுத்ததாக இருந்தாலும், படத்தில் இருந்தவரின் வாழ்க்கையை முடித்துவிட முடியும். அந்த நினைவுள்ள ஊர் இது. ஆகவே ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவது மட்டும் போதாது. எங்கே மாட்டுவோம், யார் பார்ப்பார்கள், இணையத்தில் போகுமா போகாதா என்று வாயால் விளக்க வேண்டும். நேற்றுச் சரி என்றவர் இன்றைக்கு வேண்டாம் என்றால், திறப்பு விழாவுக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும், காரணம் கேட்காமல் இறக்கிவிட வேண்டும்.

பணத்தில் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்குவதை அப்படியே அச்சுக்கு மாற்றிவிடலாம். மேசையில் பிரதியெடுத்தவற்றில் ஒரு தொகுப்பு குடும்பத்துக்கு, இன்னொன்று கிளை நூலகம் சம்மதித்தால் அங்கே, மூன்றாவது குழுவிடம். குடும்பம் சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

கடைசி நாள் இரவு, பலகையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு படமும் அதில் இருப்பவருக்கு. கீரைக்கார அம்மாவின் படம் இருந்தால் அது அவருக்கு. வராதவர்களின் படங்களை அடுத்த ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்; அவர்களின் பேருந்துக் காசை இப்போதே வரவுசெலவில் எழுதிவிடலாம். பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறவர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் வீடு மாறிவிடுவார்கள், முகவரியை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு போன் எண் வாங்கிக்கொள்வோம், இரண்டாவது எண் சொந்த ஊரில் இருக்கும் யாராவது ஒருவருடையதாக இருக்கட்டும்.